கால்புண் ஆய்வேடுகளுக்கு ஒப்புதல் தருமுன்: அரசு மருத்துவக் கல்லூரி நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும், பொது அறுவை சிகிச்சை மற்றும் தோல் மருத்துவத் துறைகளின் ஆய்வேட்டு வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

ஆறாத கால்புண் பற்றிய முதுநிலை ஆய்வேட்டு முன்மொழிவுகள் ஆண்டுதோறும் உங்கள் பார்வைக்கு வருகின்றன. பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இந்தப் பக்கம் 30 பேர், அந்தப் பக்கம் 30 பேர். ஒரு பக்கத்துக்குத் தேன், பிளேட்லெட் செறிவுப் பிளாஸ்மா, கொலாஜன், வெள்ளி கலந்த டிரஸ்ஸிங் இவற்றில் ஏதாவது ஒன்று. மறுபக்கத்துக்கு சலைனில் நனைத்த காஸ். நான்கு வாரம் கழித்துப் புண்ணின் பரப்பு எத்தனை சதவீதம் சுருங்கியது என்று சராசரி போடுகிறார்கள். புதிய டிரஸ்ஸிங்தான் மேல் என்று முடிவுரை எழுதி, ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போய்விடுகிறது.

வெரிகோஸ் புண், அதாவது சிரை இரத்தம் கீழேயே தேங்குவதால் கணுக்கால் பக்கம் வரும் புண், நம் வெளிநோயாளர் பிரிவுகளில் அன்றாடம் காணும் நோய். அந்தப் புண்ணுக்கு இந்த வடிவில் வரும் முன்மொழிவுகளை இனி ஏற்காதீர்கள் என்பதே எங்கள் கோரிக்கை. அதே மாணவர்களின் உழைப்பைப் பல கல்லூரிகள் சேர்ந்த ஒரே ஆய்வில் இணைக்க முடியும். எப்படி என்பதையும் எழுதியிருக்கிறோம்.

முதலில் எண்ணிக்கை. ஒழுங்காக அழுத்தக் கட்டு (தேங்கும் இரத்தத்தை மேலேற்றக் காலில் பேண்டேஜை இழுத்துச் சுற்றும் கட்டு) கட்டினால் 24 வாரத்தில் 100 பேரில் 60 பேருக்குப் புண் மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய சிகிச்சை அதை 75 ஆக்கினால் அது பெரிய முன்னேற்றம். அந்த வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, 5 சதவீதப் பிழை வரம்பில், பக்கத்துக்கு 150 பேர் வேண்டும். பாதியில் வராமல் நின்றுவிடுவோர் ஐந்தில் ஒருவர் என்று கணக்கு வைத்தால் பக்கத்துக்கு 188, மொத்தம் 376. முப்பதுக்கு முப்பது ஆய்வு நம்பிக்கையோடு பிடிக்கக்கூடியது 60 சதவீதம் 90 ஆகும் அளவுக்கான வித்தியாசத்தைத்தான். வெரிகோஸ் புண்ணில் அப்படி ஒரு பலனைத் தந்த டிரஸ்ஸிங் எதுவும் நாங்கள் அறிந்தவரை இல்லை.

அப்படியும் இந்தச் சிறு ஆய்வுகள் 'பலன் உண்டு' என்றே முடிவது ஏன்? ஆள் குறைவாக இருக்கும்போது, கிடைத்த வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் மட்டுமே 'பி' மதிப்பு (உண்மையில் பலனே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே இறங்கும். ஆகவே சிறு ஆய்வில் தேறி வரும் எண் பெரும்பாலும் ஊதிப்போன எண். அதோடு, எந்தப் பக்கம் லேசான புண்கள் அதிகம் விழுந்தன என்பதும் முடிவைப் புரட்டிவிடும். அமெரிக்காவில் மார்கோலிஸும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட கணிப்பு இங்கே உதவும். 10 சதுர செ.மீ.க்குக் குறைவாகவும் 12 மாதத்துக்கு உட்பட்டதாகவும் இருக்கும் புண் 24 வாரத்தில் ஆறாமல் போகும் வாய்ப்பு 29 சதவீதம். இரண்டு அளவையும் தாண்டிய புண்ணுக்கு அதுவே 78 சதவீதம். முப்பது பேர் கொண்ட குழுவில் பழைய பெரிய புண்கள் ஐந்தாறு கூடுதலாக விழுந்தாலே போதும், டிரஸ்ஸிங்கைக் கையில் எடுக்குமுன்பே முடிவு பாதி எழுதப்பட்டுவிடும்.

போதிய ஆட்களோடு, இரு பக்கமும் முறையான சிகிச்சை கொடுத்துச் செய்த ஆய்வுகள் என்ன சொல்லின? பிரிட்டனின் 'வல்கன்' ஆய்வில் 213 பேர். வெள்ளி டிரஸ்ஸிங் போட்டவர்களில் 12 வாரத்தில் ஆறியது 59.6 சதவீதம், சாதாரண டிரஸ்ஸிங்கில் 56.7. நியூசிலாந்தின் 'ஹால்ட்' ஆய்வில் 368 பேர். தேன் டிரஸ்ஸிங்கில் 55.6 சதவீதம், வழக்கமான டிரஸ்ஸிங்கில் 49.7, நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை, தேன் பக்கம் வலிதான் கூடுதல். 267 பேர் பங்கேற்ற 'வீனஸ் 2' ஆய்வில் புழு சிகிச்சை அழுகிய சதையை வேகமாக அகற்றியது, ஆனால் புண் ஆறும் காலம் குறையவில்லை. 337 பேருக்கு அல்ட்ராசவுண்டு கொடுத்துப் பார்த்த 'வீனஸ் 3'-இலும் பலன் இல்லை. நாளொன்றுக்கு 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்த நியூசிலாந்து ஆய்விலும் (251 பேர்) அதே கதை.

புண்ணை வேகமாக மூட வைத்தது எது என்றால், சிரையைச் சரிசெய்வது. 2018-இல் வெளியான 'எவ்ரா' ஆய்வில் 450 பேர். எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. பழுதான மேற்சிரையை லேசர் போன்ற முறைகளால் இரண்டு வாரத்துக்குள் அடைத்தவர்களுக்குப் புண் ஆற 56 நாள் இடைநிலை, அதாவது பாதிப் பேருக்கு அதற்குள் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். அதற்கு முன் 2004-இல் வந்த 'எஸ்கார்' ஆய்வில், அழுத்தக் கட்டு மட்டும் பெற்றவர்களில் 28 சதவீதத்தினருக்கு ஓராண்டில் புண் திரும்பியது. சிரை அறுவையும் செய்துகொண்டவர்களில் 12 சதவீதம். புண்ணின் மேல் எதை வைக்கிறோம் என்பதைவிடக் காலில் தேங்கும் இரத்தத்தை எப்படி மேலேற்றுகிறோம் என்பதே முக்கியம். ஆய்வுக் கேள்வியும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் பார்க்கும் முன்மொழிவுகளில் அழுத்தக் கட்டு என்ற பேச்சே இருக்காது, அல்லது 'க்ரேப் பேண்டேஜ் கட்டப்படும்' என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். ஆய்வு சாய்வது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சிரைப்புண்ணுக்குக் கணுக்காலில் 40 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் இலக்கு. கட்டின் அடியில் ஏறும் அழுத்தம் நான்கு விஷயங்களைப் பொறுத்தது: இழுவிசை, அடுக்குகளின் எண்ணிக்கை, காலின் சுற்றளவு, பேண்டேஜின் அகலம். இழுவிசையை (கிலோ விசை) அடுக்குகளாலும் 4620-ஆலும் பெருக்கி, செ.மீ.யில் சுற்றளவையும் அகலத்தையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். 10 செ.மீ. அகல பேண்டேஜைப் பாதிக்குப் பாதி ஏற்றிக் கட்டினால் எந்த இடத்திலும் இரண்டு அடுக்கு. கணுக்கால் சுற்றளவு 22 செ.மீ. என்றால், 40 மி.மீ. வர 0.95 கிலோ விசையில் இழுத்துக் கட்ட வேண்டும். அதே கை, அதே இழுப்பு, வீங்கி 32 செ.மீ. ஆன காலில் 27 மி.மீ.தான் தரும். மெலிந்த 18 செ.மீ. காலில் அது 49-க்கு ஏறி, எலும்பு துருத்திய இடத்தில் தோலை அறுத்துவிடும். ஆகவே 'எல்லோருக்கும் ஒரே மாதிரி கட்டினோம்' என்று ஆய்வேட்டில் எழுதினாலும் ஆளுக்கு ஓர் அழுத்தம்தான் போயிருக்கும்.

சாதாரணப் பருத்தி க்ரேப் பேண்டேஜ் கட்டிய சில மணி நேரத்திலேயே தளரும். துவைத்துத் துவைத்துக் கட்டினால் இழுவை இன்னும் குறையும். கட்டும் முறையிலும் வழக்கமான பிழைகள் உண்டு. புண் இருக்கும் இடத்தில் மட்டும் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவது அவற்றில் மிக மோசமானது. கட்டுக்குக் கீழே பாதம் வீங்கும், புண் இன்னும் நீர் வடிக்கும். கட்டு கால்விரல்களின் அடியில் தொடங்கி, கணுக்காலை 90 பாகையில் மடக்கி வைத்தபடி, குதிகாலையும் மூடி, முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே முடிய வேண்டும். முன்னெலும்பின் மேலும் கணுக்கால் முட்டுகளின் மேலும் முதலில் பஞ்சுப் பட்டை. கணுக்கால் குறுகி கெண்டைக்கால் பருத்த காலுக்குப் பஞ்சை வைத்துச் சீரான கூம்பு வடிவம் ஆக்கிய பிறகே பேண்டேஜ்.

எனவே முன்மொழிவில் கேட்க வேண்டியது இது. என்ன பேண்டேஜ், எத்தனை அடுக்கு, யார் கட்டுவார், வாரம் எத்தனை முறை மாற்றுவார்? கட்டுக்கு அடியில் சிறு உணரியை, உள்கணுக்காலுக்கு மேலே கெண்டைத் தசை தொடங்கும் இடத்தில் வைத்து அழுத்தம் அளப்பாரா? கட்டியவுடன் ஒருமுறை, அடுத்த மாற்றத்தின்போது அவிழ்க்குமுன் ஒருமுறை, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்து எழுதினால், அந்த எண்களே ஒரு நல்ல ஆய்வேடாகும். கருவி வாங்க முடியாத துறை, கட்டும் செவிலியர்களுக்கு வேறொரு துறையில் கருவியை வைத்துப் பயிற்சி அளித்து, அவர்களின் கை எவ்வளவு அழுத்தம் தருகிறது என்பதையாவது தொடக்கத்தில் பதிவு செய்யலாம்.

அழுத்தக் கட்டுக்கு முன் தமனி ஓட்டம், அதாவது காலுக்குப் போதிய இரத்தம் வருகிறதா என்று, பார்த்தே ஆக வேண்டும். பாத நாடியை விரலால் தொட்டுப் பார்த்தது போதாது. நோயாளி பத்து நிமிடமாவது மல்லாந்து படுத்திருக்க வேண்டும். புண்ணை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, கணுக்காலுக்கு மேலே பி.பி. பட்டையைச் சுற்றி, 8 மெகாஹெர்ட்ஸ் கை டாப்ளரால் பாதத்தின் மேல்நாடியிலும் உள்கணுக்காலுக்குப் பின்நாடியிலும் அழுத்தம் பார்த்து, இரண்டில் அதிகமானதை எடுக்க வேண்டும். இரு புயங்களிலும் பார்த்து அதிலும் அதிகமானதை எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். கணுக்காலில் 110, புயத்தில் 140 என்றால் விகிதம் 0.79, முழு அழுத்தக் கட்டுக்கு வழக்கமாக வைக்கும் 0.8 எல்லைக்குச் சற்றுக் கீழே. 0.5-க்கும் கீழே போனால் அழுத்தக் கட்டே கூடாது, இரத்தநாள அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி இறுகிவிடுவதால் விகிதம் 1.3-க்கு மேலே காட்டலாம். அதை நல்ல ஓட்டம் என்று படிப்பது ஆபத்து. கால்விரல் அழுத்தம் பார்க்க வேண்டும். நம் நோயாளிகளில் சர்க்கரையும் சிரைக் கோளாறும் சேர்ந்தவர்கள் நிறைய. அவர்களை ஆய்விலிருந்து விலக்க நேர்ந்தால் விலக்கியது எத்தனை பேரை, ஏன் என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். 'எவ்ரா'வில் 450 பேரைச் சேர்க்க 6,555 பேரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. அந்த எண்ணை அவர்கள் மறைக்காததால்தான் அந்த முடிவு யாருக்குப் பொருந்தும் என்று நமக்குத் தெரிகிறது.

விளிம்பு தடித்து மேலெழும்பிய, மாதக்கணக்காக அசையாத புண்ணில் திசுப் பரிசோதனை எடுக்காமல் சேர்க்கக் கூடாது. பழைய புண்ணில் செதிள்செல் புற்றுநோய் (ஒருவகைத் தோல் புற்றுநோய்) வரலாம்.

அடுத்தது அளவீடு. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் பரப்பு கூடுதலாகக் காட்டும். 5-க்கு 4 செ.மீ. புண்ணைப் பெருக்கினால் 20 சதுர செ.மீ.; நீள்வட்டமாக எடுத்தால் 15.7. ஒளி ஊடுருவும் தாளை வைத்து விளிம்பை மார்க்கரால் வரைந்து, சதுரக் கட்டங்களை எண்ணுவது எளிது, செலவும் இல்லை. புகைப்படம் எடுத்தால் பக்கத்தில் அளவுகோல் இருக்க வேண்டும், கேமரா புண்ணுக்கு நேர்செங்குத்தாக இருக்க வேண்டும். காலைச் சுற்றி வளைந்து போகும் புண் ஒரே படத்தில் சின்னதாகத் தெரியும் என்பதை மாணவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

'சுருங்கிய சதவீதம்' என்ற அளவீட்டிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. 2 சதுர செ.மீ. புண்ணும் 40 சதுர செ.மீ. புண்ணும் விளிம்பிலிருந்து ஒரே வேகத்தில் வளர்ந்து மூடினாலும், சின்னப் புண்ணின் சதவீதம் மளமளவென்று ஏறும். இடைக்கால வேகம் வேண்டுமானால் பரப்பு வித்தியாசத்தைச் சராசரிச் சுற்றளவால் வகுத்து, விளிம்பு நாளுக்கு எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கலாம். ஆனால் முதன்மை முடிவு புண் முழுதாக மூடுவதாகவே இருக்கட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006-இல் தந்த வரையறை நமக்கும் பொருந்தும்: நீர் வடியாமல், டிரஸ்ஸிங் தேவைப்படாமல், தோல் முழுதும் மூடி, இரண்டு வார இடைவெளியில் இரண்டு வருகைகளிலும் அப்படியே இருக்க வேண்டும். டிரஸ்ஸிங் எது என்பதை நோயாளியிடமும் செவிலியரிடமும் மறைக்க முடியாது. ஆனால் மூடிவிட்டதா என்று தீர்ப்புச் சொல்பவர், யாருக்கு எந்த சிகிச்சை என்று தெரியாமல் படத்தைப் பார்க்கலாம். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கட்டும்.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைத் தற்செயலுக்கு விடும் குலுக்கல் பற்றிச் சுருக்கமாக. ஓ.பி. சீட்டின் ஒற்றை எண், இரட்டை எண் என்றோ, திங்கள்கிழமை வந்தவர், வியாழக்கிழமை வந்தவர் என்றோ பிரிப்பது குலுக்கல் ஆகாது. அடுத்தவருக்கு என்ன வரப்போகிறது என்று சேர்ப்பவருக்கு முன்பே தெரிந்தால், அவர் கை தானாகவே லேசான புண்களை ஒரு பக்கம் ஒதுக்கும். புண்ணின் பரப்பு, புண் வந்து எத்தனை மாதம் என்பது இரண்டையும் வைத்து அடுக்குப் பிரித்து, குலுக்கல் பட்டியலை வேறொரு துறையில் வைத்துத் தொலைபேசியில் கேட்டுப் பெற வேண்டும். இரண்டு காலிலும் புண் இருந்தால் ஒரு காலுக்கு ஒரு சிகிச்சை, மறுகாலுக்கு மற்றொன்று என்று கணக்கில் இரண்டாக்காதீர்கள். ஆள் ஒருவர், பெரிய புண் ஒன்றே கணக்கு.

இனி, 376 பேரை எங்கே தேடுவது என்ற கேள்வி. மூன்றாண்டுப் படிப்பில் முன்மொழிவு, ஒப்புதல், எழுத்துவேலை போக ஒரு மாணவருக்கு நோயாளிகளைச் சேர்க்கக் கிடைப்பது ஒன்றரை ஆண்டுக்குள்தான். அதில் 24 வாரப் பார்வையே திணறும். ஓராண்டு கழித்துப் புண் திரும்பியதா என்று பார்க்கவே முடியாது. எனவே எட்டுப் பத்துக் கல்லூரிகள் ஒரே ஆய்வுத் திட்டத்தை ஏற்று, ஒரே பதிவேட்டில் எழுதி, வருகிற அணி மாணவர்கள் போகிற அணியிடமிருந்து நோயாளிகளைப் பொறுப்பேற்றுத் தொடரட்டும். ஒவ்வொரு மாணவரும் தம் ஆய்வேட்டை அந்தப் பெரிய ஆய்வின் ஒரு பகுதியாக எழுதலாம். ஒருவர் கட்டின் அழுத்தம் எத்தனை மணி நேரம் நிலைக்கிறது என்று எழுதுவார். ஒருவர் கணுக்கால்-புய விகிதத்தைச் செவிலியரும் மருத்துவரும் பார்த்தால் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று. ஒருவர் யார் ஏன் நின்றுவிட்டார்கள் என்று. தேர்வுக்குத் தேவையான தனி ஆய்வேடு அவரவருக்குக் கிடைக்கும்.  கல்லூரிகளின் குழுக்கள் ஒரே ஆவணத்தை ஒரே நேரத்தில் பார்க்கச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நோயாளி வராமல் நின்றுபோவதற்கான காரணங்கள் பெரும்பாலும் எளிமையானவை: பஸ் காசு, ஒரு நாள் கூலி, நடவும் அறுவடையும், கோடையில் கட்டுக்குள் வேர்த்து அரிப்பது. போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் கொடுப்பதை ஆய்வுச் செலவில் எழுதச் சொல்லுங்கள். முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும் திட்டம் ஏற்கனவே இருக்கிறது. ஊர்ப்பக்கத்து நோயாளிகளை அங்கேயே பார்க்க ஏற்பாடு செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறவர்கள். வராமல் போனவரின் புண் மூடிவிட்டதா என்று கேட்டுவர, துறை அனுமதியோடு அவர்களின் உதவியைக் கேட்கலாம். நின்றவர்களைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டு, மிஞ்சியவர்களை மட்டும் எண்ணிப் பலன் சொல்லும் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள். குலுக்கலில் விழுந்த பக்கத்திலேயே கடைசிவரை எண்ண வேண்டும்.

எதைச் சோதிப்பது? நம் ஊருக்கே உரிய கேள்விகள் இருக்கின்றன. இங்கே எளிதாகக் கிடைக்கும் குழாய் வடிவ எலாஸ்டிக் துணியை இரண்டு மூன்று அடுக்காக நோயாளியே மாட்டிக்கொள்ளப் பழக்கினால், செவிலியர் கட்டும் பல அடுக்குக் கட்டுக்கு ஈடாகுமா? பிரிட்டனின் 'வீனஸ் 4' ஆய்வில், இரண்டடுக்கு அழுத்தக் காலுறை போட்டவர்களுக்கு ஆற 99 நாள், நாலடுக்குக் கட்டுக்கு 98 நாள். ஆனால் காலுறைப் பக்கம் சிகிச்சையை மாற்றிக்கொண்டவர்கள் அதிகம். நம் மே மாத வெயிலில் அந்த எண் என்னவாகும் என்பது இங்கேதான் தெரியும். பென்டாக்சிஃபிலின் 400 மி.கி. நாளுக்கு மூன்று வேளை, அழுத்தக் கட்டோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் உண்டு என்று தொகுப்பாய்வுகள் (பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுபவை) சொல்கின்றன; வயிற்று உபாதையும் தரும் மருந்து அது. அதை நம் நோயாளிகளிடம் ஒழுங்காகச் சோதிக்கலாம். பிளேட்லெட் செறிவுப் பிளாஸ்மாவையும் சோதிக்கலாம். சிரைப்புண்ணில் அது உதவுகிறதா என்று கோக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு தெளிவாகச் சொல்ல முடியாமல் நிற்கிறது. எதுவானாலும் எதிர்ப்பக்கம் நனைத்த காஸாக இருக்கக் கூடாது. இரு பக்கமும் அளந்த அழுத்தம் இருக்கட்டும்.

வேலையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடை, டீக்கடை, பரோட்டாக் கல், காவல் பணி என்று நாளெல்லாம் நிற்பவர்கள் இந்தப் புண்ணோடு அதிகம் வருகிறார்கள். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நோயாளி நாளுக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறார், உட்கார இருக்கை இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகள் பதிவுப் படிவத்தில் இருந்தால், எந்தச் சிகிச்சை தோற்றது, எதைக் கடை முதலாளி தோற்கடித்தார் என்று பிரித்துப் பார்க்கலாம்.

பதிவு பற்றி ஒரு வார்த்தை. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்குமுன் பதிவு செய்யும் ஆய்வுகளை மட்டுமே ஏற்கிறது. ஒப்புதல் கடிதத்தில் பதிவு எண்ணுக்கு ஓர் இடம் விடுங்கள். அது நிரம்பாமல் முதல் புண்ணில் கை வைக்கக் கூடாது. முதன்மை முடிவு எது என்பதை அங்கே ஒருமுறை எழுதிவிட்டால், ஆய்வு முடிந்தபின் நன்றாக வந்த எண்ணைத் தேடி எடுத்து முன்னால் வைக்க முடியாது.

கடைசியாக ஒப்புதல் படிவம். "இந்த ஆய்வில் சேராவிட்டாலும் உங்களுக்கு அழுத்தக் கட்டு கிடைக்கும்" என்ற வரி தமிழில், பெரிய எழுத்தில், முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வரியை உண்மையாகவே எழுத முடியாத துறை, அதாவது ஆய்வில் சேராதவருக்குக் கட்டுவதற்குப் பேண்டேஜ் இருப்பு இல்லாத துறை, முதலில் இருப்பைச் சரிசெய்யட்டும். ஆய்வுக்கு ஒப்புதல் அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
கால்புண் சிகிச்சையிலும் மருத்துவப் புள்ளியியலிலும் பணிபுரியும் சிலர்